தலைமை நிர்வாகி விளக்கம் அளித்தார்

பன்னிரண்டாம் பக்கம், ஆறாவது வரியைச் சுருக்கெழுத்தர் விரல் வைத்து இரண்டாம் முறை படித்தார்.

‘தலைமை நிர்வாகி விளக்கம் அளித்தார். உறுப்பினர்கள் அதைக் கவனமாகக் கேட்டறிந்தனர்.’

அளிக்கவில்லை. யாரும் கேட்டறியவும் இல்லை. அது அவருக்குத் தெரியும். அந்தக் கூட்டத்தில் மூலை நாற்காலியில் உட்கார்ந்து குறிப்பெடுத்தவரே அவர்தான்.

அலுவலகத்தில் அவரைக் ‘காற்புள்ளி’ என்று கூப்பிடுவார்கள். ஒரு காற்புள்ளி இடம் மாறியிருந்தால்கூட, தபாலுக்குப் போன கடிதத்தைப் படிக்கட்டு வரை துரத்திக்கொண்டு போய்த் திரும்ப வாங்கி வருகிறவர். இருபத்தாறு வருடமாகச் சுகாதார ஒழுங்காற்று ஆணையத்தின் கூட்டக் குறிப்புகளில் ஒரு எழுத்துப் பிழை கிடையாது. இப்போது வந்தது எழுத்துப் பிழை இல்லை. ஒரு முழுப் பொய்.

நடந்தது இதுதான். மருத்துவமனைகளையும் டயாலிசிஸ் மையங்களையும் சோதித்து அனுமதி கொடுப்பதும் ரத்து செய்வதும் ஆணையத்தின் வேலை. ஊரின் பெரிய டயாலிசிஸ் மையத்தில் இயந்திரங்களைச் சரியாகக் கழுவாமல் ஐந்து நோயாளிகளுக்கு மஞ்சள் காமாலை தொற்றியது. தலைமை நிர்வாகி அம்மா அன்றைக்கே மையத்தைப் பூட்டினார். இருபதாம் நாள் நிர்வாகக் குழு கூடியது. பட்டியலில் ஒன்பதாவது பொருள், ‘இதர’. அந்த இதரவில் அவரைப் பதவியிலிருந்து தூக்கினார்கள். மறு வாரம் மையம் திறந்துகொண்டது. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் நீக்கியது செல்லாது என்று அம்மா ரிட் மனு போட்டார். கூட்டக் குறிப்பைக் கொண்டு வா என்றது நீதிமன்றம்.

குறிப்பில்தான் இந்த வரி.

காற்புள்ளிக்கு ஒரு பழக்கம் உண்டு. புதுக் குறிப்பைப் புதிதாக அடிக்கமாட்டார். போன கூட்டத்துக் கோப்பைத் திறந்து, அதன் மேலேயே மாற்றி அடிப்பார். போன கூட்டத்தில் அலுவலக லிஃப்ட் ஏன் இரண்டாவது மாடியிலேயே நின்றுவிடுகிறது என்று கேட்டார்கள். தலைமை நிர்வாகி விளக்கம் அளித்தார். உறுப்பினர்கள் கவனமாகக் கேட்டறிந்தனர். அந்த இரண்டு வாக்கியமும் அழியாமல் இங்கே தங்கிவிட்டன.

அவர் குறிப்பைத் தூக்கிக்கொண்டு செயலாளர் அறைக்கு ஓடினார்.

“சார், ஒரு சின்னப் பிழை.”

“உன் குறிப்புலயா? உலகம் அழியப் போகுதுய்யா. என்ன, கமாவா?”

“ரெண்டு வாக்கியம் சார். மேடம் விளக்கம் குடுத்தாங்கன்னு இருக்கு. குடுக்கலையே.”

செயலாளர் வாங்கிப் படித்தார். இன்னொரு முறை படித்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். இருபத்தாறு வருடத்தில் முதல் முறையாகக் காற்புள்ளியை “உக்காருங்க” என்றார்.

“இதையா பிழைங்கறீங்க? விளக்கம் கேக்காமத் தூக்கிட்டாங்கன்னுதானே அந்தம்மா கேஸே போட்டிருக்கு? நாங்க நாலு நாளாத் தலையப் பிச்சுக்கிட்டு இருக்கோம். நீங்க பதிலைக் குறிப்புலயே எழுதி வச்சிருக்கீங்க!”

“நடக்கலையே சார்.”

“ஏழு உறுப்பினர் கையெழுத்துப் போட்டிருக்காங்க பாருங்க.”

“படிக்காமப் போட்டாங்க சார்.”

“எப்பவும் அப்படித்தான் போடறாங்க. அதுக்காக இதுவரைக்கும் நடந்த கூட்டமெல்லாம் நடக்கலைன்னு ஆயிடுமா? போய் வேலையைப் பாருங்க.”

காற்புள்ளி வெளியே வந்தார். இருக்கையில் உட்கார முடியவில்லை. வாயால் சொன்னால் எடுபடவில்லை, எழுத்தில் சொன்னால் எடுபடும் என்று தோன்றியது. ஒரு துண்டுச் சீட்டில் ‘பக்கம் 12, வரி 6 சரியல்ல, திருத்தம் தேவை’ என்று அடித்து, வக்கீலுக்குப் போகும் காகிதக் கட்டுக்குள் அந்தப் பக்கத்தின் மேல் ஒட்டிவிட்டார்.

மறுநாளே ஆணையத்தின் வக்கீல் அவரைக் கூப்பிட்டனுப்பினார். கண்ணாடி மேசைக்கு அந்தப் பக்கம் வக்கீல், இந்தப் பக்கம் செயலாளர். நடுவில் அந்தச் சீட்டு.

“இதை ஒட்டினது நீங்களா?”

“ஆமா சார்.” உண்மை வெளியே வரப்போகிறது என்று காற்புள்ளிக்கு நெஞ்சு லேசானது.

“நல்ல மூளை சார் உங்களுக்கு. நானும் அதையேதான் நினைச்சேன். வரி சரியில்லை. மொட்டையா இருக்கு. ‘விளக்கம் அளித்தார்’னா எவ்வளவு நேரம்? எதைப் பத்தி? நீதிபதி கேப்பாரே. பிரமாணப் பத்திரத்துல விரிவாப் போட்டுடுவோம். எத்தனை நிமிஷம் ஆச்சு?”

அன்றைக்குக் காற்புள்ளி கடிகாரம் பார்த்துக் குறித்தது ஒன்றே ஒன்றுதான். அது வாயில் வந்துவிட்டது.

“பதினோரு நிமிஷம் சார். ஆனா அது வந்து...”

“பதினொண்ணு. நல்ல கணக்கு. பத்துன்னா சும்மா சொன்ன மாதிரி இருக்கும். எதைப் பத்திப் பேசினாங்க?”

“சார், அந்த வரியே லிஃப்ட் விஷயம் சார். லிஃப்டைப் பத்தித்தான்...”

“லிஃப்டைப் பத்தியும் பேசினாங்களா?” வக்கீல் எழுதிக்கொண்டார். “பரவாயில்லை, மனசு விட்டுப் பேசியிருக்காங்க.”

செயலாளர் மேசைக்கு அடியில் காற்புள்ளியின் காலை அழுத்தி மிதித்தார்.

இப்படியாக இரண்டு வாக்கியமாக இருந்த பொய், முத்திரைத் தாளில் மூன்று பக்கமாக வளர்ந்தது. தலைமை நிர்வாகி பதினோரு நிமிடங்கள், லிஃப்ட் உள்ளிட்ட பல பொருள்கள் குறித்து, எந்த இடையூறும் இன்றி விளக்கம் அளித்தார் என்று செயலாளர் சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டார். அதை அடித்துக் கொடுத்தவர் காற்புள்ளி. ‘இடையூறுமின்றி’ என்று சேர்த்து அடித்திருந்ததைக் கடைசி நேரத்தில் பிரித்தவரும் அவர்தான்.

வீட்டில் வேறு கதை. காற்புள்ளிக்குக் கல்யாணம் ஆகவில்லை. அண்ணன், அண்ணியோடுதான் இருக்கிறார். அண்ணனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரத்துக்கு மூன்று நாள் அந்த டயாலிசிஸ் மையத்தில்தான் படுக்கை. மையம் பூட்டிக் கிடந்த நாள்களில் இரண்டு பஸ் மாறி, வேறொரு ஊருக்குப் போய்ப் படுத்துவிட்டு வந்தார்.

“உங்க மேடம் நல்லா இருக்கட்டும்” என்பார் அண்ணன், வீங்கிய காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டு. “நாலு பேருக்குக் காமாலைன்னு நாப்பது பேரை நடுத் தெருவுல விட்டா.”

“அஞ்சு பேரு” என்றார் காற்புள்ளி.

“ஆமா, அதைத் திருத்து. திரும்ப அவ வந்தா மறுபடியும் பூட்டுவா. உன் வாயை வச்சுக்கிட்டு சும்மா இரு. எழுதினது எழுதினபடி இருக்கட்டும்.”

“தம்பியைச் சாப்பிட விடுங்க” என்றாள் அண்ணி. ஆனால் அவளும் காற்புள்ளியின் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு பஸ்ஸிலும் அண்ணனைத் தாங்கிப் பிடித்து ஏற்றி இறக்கியவள் அவள்தான்.

வழக்கு விசாரணைக்கு வந்தது. அம்மாவின் வக்கீல் பிரமாணப் பத்திரத்தை உரக்கப் படித்தார். “வேலையை விட்டுத் துரத்துற அன்னைக்கு, எங்க கட்சிக்காரர் பதினோரு நிமிஷம் லிஃப்டைப் பத்திப் பேசினாங்களாம்!” நீதிமன்றத்தில் சிரிப்பு கிளம்பியது. நீதிபதி சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“அசல் சுருக்கெழுத்து நோட்டு இருக்கா?”

இருந்தது. காற்புள்ளியின் மேசை இழுப்பறையில் இருந்தது. செயலாளர் தாழ்வாரத்தில் அவரைத் தூண் மறைவுக்கு இழுத்துப் போனார்.

“நோட்டு தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிடுங்க.”

“இருபத்தாறு வருஷத்துல ஒரு நோட்டு தொலைச்சதில்லை சார்.”

“இப்போ தொலைங்களேன்! பழகிக்கலாம்.”

தொலைக்க மனம் வரவில்லை. எரிக்கவும் வரவில்லை. காற்புள்ளி ஒரு நடுவழி கண்டுபிடித்தார். நோட்டைக் கொடுத்துவிட்டு, கூடவே ஒரு கடிதம் வைத்தார்: ‘என் சுருக்கெழுத்து நானே பல ஆண்டுகளாக மாற்றிக்கொண்ட முறை. பிறரால் படிக்க இயலாது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.’ படிக்க முடியாத நோட்டை வைத்துக்கொண்டு நீதிமன்றம் என்ன செய்யும்? ஓரமாகப் போட்டுவிடும். யாருக்கும் பொல்லாப்பு இல்லை. அன்றைக்கு இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டார்.

நீதிமன்றம் ஓரமாகப் போடவில்லை. இரண்டு நிபுணர்களிடம் அனுப்பியது. முதல் நிபுணர், ‘தலைமை நிர்வாகியை நீக்கினர்’ என்று படித்தார். இரண்டாம் நிபுணர், ‘தலைமை நிர்வாகியை நோக்கினர்’ என்று படித்தார். சுருக்கெழுத்தில் உயிரொலியைப் போடாமல் விடுவது காற்புள்ளியின் வழக்கம். நீக்கினார்களா, வெறுமனே பார்த்தார்களா என்று இரண்டு வக்கீல்களும் அரை நாள் வாதாடினார்கள். வெறுமனே பார்த்ததுதான் என்றால் பதவிநீக்கமே நடக்கவில்லை, பிறகு வழக்கு எதற்கு என்றுகூட ஆணையத்தின் வக்கீல் கேட்டுப் பார்த்தார். நீதிபதிக்குத் தலைவலி வந்துவிட்டது.

“எழுதினவர் உயிரோட இருக்காரா?”

“இருக்கார், கனம் நீதிபதி அவர்களே.”

“வியாழக்கிழமை அவரே வந்து சத்தியம் பண்ணிட்டுப் படிக்கட்டும்.”

யாராலும் படிக்க முடியாது என்று எழுதிக் கொடுத்ததன் பலன், உலகத்தில் அவர் ஒருவர்தான் படித்தாக வேண்டும் என்று ஆனது.

புதன்கிழமை செயலாளர் தன் கையாலேயே தேநீர் ஊற்றிக் கொடுத்தார். “நாலு வருஷத்துல ரிடையர் ஆகப் போறீங்க. குறிப்புல இருக்கறதை அப்படியே பாத்துப் படிச்ச மாதிரி சொல்லிடுங்க. நோட்டுல என்ன இருக்குன்னு எவனுக்குத் தெரியப் போகுது?” அது உண்மைதான். எவனுக்கும் தெரியாது. அதுதான் அவரைக் கொன்றது.

அன்றைக்கு மாலை அண்ணன் மையத்திலிருந்து திரும்பி வந்து, வழக்கமான வசவு எதுவும் இல்லாமல் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்கவில்லை. டிவியைப் போடச் சொல்லவில்லை.

“என்னண்ணே?”

“பக்கத்துக் கட்டில்ல இன்னைக்கு வேற ஆள்.”

பக்கத்துக் கட்டில் ஓய்வுபெற்ற தபால்காரருடையது. மூன்று வருடமாக இருவரும் அருகருகே படுத்து, கூரை விசிறியைப் பார்த்தபடி ஒருவருக்கொருவர் சீட்டாட்டக் கதை சொன்னவர்கள்.

“போன வாரம் கண்ணெல்லாம் மஞ்சளா இருந்துச்சு அவனுக்கு. வெளிச்சம் அப்படின்னு சொன்னான். நானும் வெளிச்சம்தான்னேன்.” அண்ணன் தன் கையில் ஊசி குத்திய இடத்தைத் தடவினார். “எனக்கும் ரத்தம் எடுத்திருக்காங்க. ரிசல்ட் வர ஒரு வாரம் ஆகுமாம்.”

அண்ணி சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றாள்.

“நாளைக்குத்தானே உனக்குக் கோர்ட்டு?” என்றார் அண்ணன்.

“ஆமா.”

“உள்ளதை உள்ளபடி படி.”

“மறுபடியும் பூட்டுவாங்கண்ணே. ரெண்டு பஸ்...”

“ரெண்டு பஸ் ஏறுறதுக்கு ஆள் இருக்கணும்ல?”

வியாழக்கிழமை காற்புள்ளி கூண்டில் ஏறினார். மூன்றாவது வரிசையில் தலைமை நிர்வாகி அம்மா உட்கார்ந்திருந்தார். இந்தச் சில மாதங்களில் பத்து வயது கூடியவர் போலிருந்தார். காற்புள்ளி நோட்டை விரித்து, எழுதியிருந்ததை எழுதியிருந்தபடி படித்தார்.

“பொருள் ஒன்பது. இதர. தலைவர்: மேடம், அஞ்சு நிமிஷம் வெளியில இருங்க. மேடம் வெளியே. தலைவர்: நீக்கிடலாமா? ஆறு கை தூக்கல். ஒருவர் தூக்கம். தலைமை நிர்வாகியை நீக்கினர். தேநீர் வருகை. தேநீர் முடிவு. மேடம் உள்ளே. தலைவர்: உங்களை நீக்கியாச்சு, சாவியைக் குடுங்க. மேடம்: ஒரு நிமிஷம், நான் ஒண்ணு சொல்லணும். தலைவர்: நேரமில்லை. கூட்டம் நிறைவு.”

“நீக்கினர்தானே? நோக்கினர் இல்லையே?” என்றார் நீதிபதி.

“நீக்கினர்தாங்க. யாரும் அவங்களை நோக்கக்கூட இல்லை.”

“இந்தப் பதினோரு நிமிஷம் எங்கே வருது?”

“அது தேநீருங்க. வந்ததுலேர்ந்து முடியற வரைக்கும்.”

நீதிமன்றத்தில் இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. செயலாளர் மட்டும் தன் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆணையத்தின் வக்கீல் விடவில்லை. “கனம் நீதிபதி அவர்களே, ஒரு வேளை அந்த ஒரு நிமிஷம் கொடுத்திருந்தாலும் முடிவு மாறியிருக்காது. அவங்க எப்படியும் வெளியே போயிருக்கத்தான் செய்வாங்க.”

“அவங்க என்ன சொல்லியிருப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“எனக்கும் தெரியாது. அதனாலதான் கேக்கணும்.” நீதிபதி நோட்டை மூடினார். “தேநீருக்குப் பதினோரு நிமிஷம் இருந்திருக்கு. ஒரு மனுஷிக்கு ஒரு நிமிஷம் இல்லை.”

பதவிநீக்கம் ரத்து. வரும் திங்கள்கிழமை முதல் அம்மா மீண்டும் பணியில் அமர்த்தப்பட வேண்டும். மையத்தைப் பூட்டிய அவருடைய ஆணை செல்லும். தீர்ப்பைக் கேட்டதும் மூன்றாவது வரிசையில் அம்மா கைக்குட்டையால் முகத்தைப் பொத்திக்கொண்டார். காற்புள்ளிக்கும் கண் கலங்கியது. ஒரு சரியான வேலை செய்துவிட்டோம் என்று வாழ்க்கையில் முதல் முறையாகத் தோன்றியது.

அந்த எண்ணம் நான்கு மணி வரை நீடித்தது. நான்கு மணிக்குச் செயலாளர் அவரை அறைக்குக் கூப்பிட்டார்.

“ஒரு கடிதம். எழுதிக்குங்க.”

காற்புள்ளி நோட்டை விரித்தார்.

“பொருள்: தற்காலிகப் பணிநீக்கம். ஆணையத்தின் உள் விவகாரங்களைப் பொது இடத்தில் வாசித்த குற்றத்துக்காக, சுருக்கெழுத்தராகிய தாங்கள் இன்று மாலை முதல்...”

காற்புள்ளியின் பேனா நின்றது.

“ஏன் நிறுத்திட்டீங்க? உங்களை விட்டா அடிக்க வேற ஆள் இல்லை.”

“கோர்ட்டுதானே சார் படிக்கச் சொல்லுச்சு? நான் ஒரு விளக்கம்...”

“நேரமில்லை. அஞ்சு மணிக்குத் தபால் கட்டு போயிடும்.”

காற்புள்ளி தன் இடத்துக்குப் போய் அடித்தார். ‘தாங்கள்’ என்பதற்குப் பிறகு வேண்டாத ஒரு காற்புள்ளி இருந்தது. அதை நீக்கினார். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்டு, மற்றதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, லிஃப்ட் இரண்டாவது மாடியில் நின்றுவிட்டதால் மீதியைப் படியில் இறங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணிதான் அவரைக் கிளப்பிவிட்டாள். “வீட்டுல உக்காந்து சுவரைப் பாத்தா ஆச்சா தம்பி? அந்தம்மாவுக்காகத்தானே இவ்வளவும்? நாளைக்கு அவங்க நாற்காலியில உக்காந்ததும் உங்க கடிதத்தைக் கிழிச்சுப் போடச் சொல்லுங்க. அப்படியே, மையத்தைச் சீக்கிரம் பூட்டச் சொல்லுங்க. இவருக்கு அடுத்த ஊருல படுக்கை கேட்டு வச்சிருக்கேன்.”

சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, விலாசம் விசாரித்துப் போனார். வாசலில் தலைமை நிர்வாகி அம்மாவின் கணவர், வயதான மனிதர், ஒரு ஜோடி பெண்கள் செருப்பைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். காற்புள்ளி தன்னை இன்னார் என்று சொன்னதும் துணியைப் போட்டுவிட்டு எழுந்தார்.

“நோட்டைப் படிச்சவர் நீங்கதானா! வாங்க, உக்காருங்க. உங்களைத்தான் ரெண்டு நாளா வீட்டுல பேசிட்டிருக்கோம்.”

காற்புள்ளிக்குக் கூச்சமாக இருந்தது. “மேடம் இருக்காங்களா?”

“இருக்கா. உள்ள அழுதுட்டிருக்கா.”

“ஆனந்தக் கண்ணீரா சார்?”

“இல்லீங்க. நாளைக்குத் திங்கக்கிழமை ஆச்சே. ஆபீஸ் போகணும்ல.”

காற்புள்ளி விழித்தார். “போகத்தானே சார் இத்தனை போராட்டம்?”

“ஜெயிக்கவே மாட்டோம்னு வக்கீல் சத்தியம் பண்ணினாருங்க. பிடிச்சு வெளிய தள்ளின ரோஷம் இவளுக்கு. சும்மா ஒரு கேள்வி கேட்டு வைப்போம்னு போட்டது. நீங்க அவ்வளவு சுத்தமாப் படிப்பீங்கன்னு யாரு கண்டா?”

உள்ளேயிருந்து மூக்கைச் சிந்தும் ஓசை கேட்டது. காற்புள்ளி சட்டைப் பையிலிருந்த கடிதத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அதைப் பற்றி எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. வேறு ஏதாவது கேட்க வேண்டும் என்பதற்காகக் கேட்டார்.

“அப்போ அன்னைக்கு மேடம் ஒரு நிமிஷம்னு கேட்டாங்களே சார், அதுல என்னதான் சொல்ல வந்தாங்க?”

பெரியவர் செருப்பை மறுபடியும் கையில் எடுத்துக்கொண்டார்.

“ராஜினாமா பண்றேன்னுதாங்க.”